இரண்டு இயக்கங்களுக்கும் தியாகியான ரொட்டிக்காரர்

பெய்ரூத்தில் நான் இறங்கிய அன்று வானத்தில் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மோட்டாரில் காயில் எரியப் போகும் சமயத்தில் ஒரு ரீங்காரம் வருமே, அதே சத்தம். உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறவன் நான். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் கை தானாக மெயின் சுவிட்சைத் தேடும். டாக்சி ஓட்டுநரிடம் என்னவென்று கேட்டேன்.

"இஸ்ரேல் ட்ரோன். வேவு பார்க்கிறது. இன்றைக்குக் குண்டு போடாது" என்றார், மேலே பார்க்காமலே.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. இப்படிச் சொல்லிக்கொண்டால்தான் வண்டி ஓட்ட முடியும்."

நான் ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. என் சின்னம்மா மகள் எஸ்தரைக் கூட்டிக்கொண்டு போக வந்திருந்தேன். எங்கள் குடும்பத்துக்கு நிலம் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நடவு, அறுப்பு, அதுவும் இல்லாத மாதங்களில் செங்கல் சூளை. அதிலிருந்து தப்பிக்கத்தான் எஸ்தர் லெபனானுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அந்த நாட்டில் பணம் மதிப்பிழந்து வங்கிகள் கதவை மூடியபோது, அவளை வேலைக்கு வைத்திருந்த அம்மாள் ஒரு துணிப்பையோடு அவளை நடைபாதையில் இறக்கிவிட்டுப் போய்விட்டாள். பாஸ்போர்ட்டைக்கூடத் திருப்பித் தரவில்லை. பல வருஷம் தன் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியவளைக் குப்பை மூட்டை மாதிரி இறக்கிவிட ஒரு மனுஷிக்கு எப்படி மனசு வந்தது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

எஸ்தருக்கு இடம் கொடுத்தது பாலஸ்தீன அகதிகள் முகாம் ஒன்று. அங்கே நபீல் என்பவர் ரொட்டிக் கடை வைத்திருந்தார். மனைவியை இழந்தவர். ரீம் என்று ஒரு மகள். எஸ்தர் அங்கே மாவு பிசையச் சேர்ந்து, பிறகு நபீலையே கட்டிக்கொண்டாள். வேறு மதத்தானைக் கட்டிக்கொண்டாள் என்று எங்கள் தெருவில் முணுமுணுத்தவர்களிடம் சின்னம்மா சொன்னது இவ்வளவுதான்: "சோறு போடறான். அடிக்கல. இன்னா கொறயக் கண்டீங்க?"

அந்த நபீலைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

சின்னம்மா என் கடை வாசலில் வந்து நின்று, "நீ குவைத்துல இருந்தவன். அந்த பாச ஒனக்குத் தெரியும். போயி இட்டாந்துடு நைனா" என்றாள். அதனால் வந்தேன். ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் முகாமின் பேரோ இயக்கங்களின் பேரோ இருக்காது. ஆட்களின் பேரையும் மாற்றியிருக்கிறேன். எழுதப் பயந்து அல்ல. எஸ்தர் அங்கேதான் இருக்கிறாள்.

அங்கே ஷேர் டாக்சியை 'சர்வீஸ்' என்கிறார்கள். பின் சீட்டில் என்னோடு ஒரு அம்மாள் மடியில் முட்டை அட்டையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் ரேடியேட்டர் புகைந்து வண்டி நின்றது. ஓட்டுநர் இறங்கி பானெட்டைத் திறந்து முதலில் வண்டியைத் திட்டினார், அடுத்து அரசாங்கத்தைத் திட்டினார், பிறகு சிகரெட் பற்றவைத்தார். நம் பக்கத்து மினி பஸ் ஓட்டுநரும் இதே வரிசையில்தான் செய்வார். எட்டிப் பார்த்தேன். ஃபேனுக்குப் போகிற ஒயர் கழன்று தொங்கியது. முறுக்கிச் சொருகினேன். ஃபேன் சுற்றியது. அந்த அம்மாள் சந்தோஷத்தில் எனக்கு ஒரு முட்டை கொடுத்தார். பச்சை முட்டை. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் மீதிப் பயணம் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

எங்கே போகிறேன் என்று கேட்டார்கள், முகாமின் பேரைச் சொன்னேன். "வாசலில் விடுகிறேன். உள்ளே வர மாட்டேன்" என்றார் ஓட்டுநர். அந்த அம்மாள், "பாவம் அந்த ஜனங்கள்" என்றார். அதே மூச்சில், "ஆனால் எங்கள் நாட்டைக் கெடுத்ததே அவர்கள்தான்" என்றார். எங்கள் தெருவைப் பற்றி ஊர்த்தெருக்காரர்கள் பேசுகிற அதே தொனி. பாஷை வேறாக இருந்தும் எனக்குச் சுருக்கென்றது.

முகாமுக்குள் நுழைந்ததும் என் தொழில் புத்திக்கு ரத்தம் கொதித்தது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்து. தலைக்கு மேலே கரண்ட் ஒயர்கள் கொத்துக் கொத்தாக, இன்சுலேஷன் உரிந்து, தண்ணீர்க் குழாய்களோடு சேர்த்து ஒரே கயிற்றில் கட்டியிருந்தார்கள். குழாய் கசிந்து ஒயர் மேல் சொட்டியது. மழை நாளில் ஷாக் அடித்து ஆள் சாவது அங்கே புதிய செய்தியே இல்லையாம். குழாயில் வருகிற தண்ணீர் உப்பு. குடிக்க விலைக்கு வாங்க வேண்டும். இப்படி மூன்று தலைமுறையாக வாழ்கிறார்கள். அங்கேயே பிறந்தவனுக்கும் குடியுரிமை கிடையாது, சொந்த வீடு வாங்க முடியாது, படித்தாலும் பல வேலைகளுக்கு அனுமதி கிடையாது. நபீலின் அப்பா, இஸ்ரேல் உருவான நாற்பத்தெட்டில் கலிலேயாவின் ஒரு கிராமத்திலிருந்து துரத்தப்பட்டபோது கைக்குழந்தை. கலிலேயா என்ற பேரை எஸ்தரும் நானும் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள். அங்கிருந்து துரத்தப்பட்டு இப்படி ஒரு சந்தில் கிடக்கிற ஜனங்கள் இருக்கிறார்கள் என்று அந்த வகுப்பில் ஒருவரும் சொன்னதில்லை.

எஸ்தர் சந்து முனையில் நின்றிருந்தாள். தலையில் முக்காடு, கையில் மாவுத் தூசி ஏதும் இல்லை, முகம் வற்றியிருந்தது.

"இன்னாண்ணா, முடியெல்லாம் கொட்டிப் பூட்ச்சி?" என்றாள். அப்புறம் என் கையைப் பார்த்து, "முட்டையா? உத்திரமேரூர்லேர்ந்தா தூக்கிக்கினு வந்த?" என்றாள். சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

வீடு இரண்டாவது மாடியில். கீழே பூட்டிக் கிடந்த ரொட்டிக் கடை. அதன் இரும்பு ஷட்டருக்கு இரண்டு பக்கமும் நபீலின் சுவரொட்டிகள். இடது பக்கத்தில் பச்சைப் பின்னணியில் ஒன்று, வலது பக்கத்தில் சிவப்பில் ஒன்று. இரண்டிலும் அதே பாஸ்போர்ட் அளவுப் படம். இரண்டிலும் 'எங்கள் தியாகி'. சிவப்பில் மட்டும் அவர் தோளில் கணினியில் ஒரு துப்பாக்கியை ஒட்டியிருந்தார்கள். துப்பாக்கியின் வார் காதுக்குள் போய் முடிந்தது.

"அவரு எந்த கட்சி?" என்று கேட்டேன்.

"அவரு ரொட்டி சுடற கட்சிண்ணா" என்றாள் எஸ்தர்.

நான் கொண்டுபோன கருவாட்டை அன்றைக்கே குழம்பு வைத்தாள். வாசனைக்குக் கீழ் வீட்டுக்காரர்கள் ஜன்னலை அடித்துச் சாத்தினார்கள். ரீம் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு துண்டு தின்றாள். பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிற பெண். அப்பாவின் நீண்ட முகம் அப்படியே அவளுக்கு. நான் பேசிய குவைத் அரபியைக் கேட்டு, "இந்த மாமா பாலைவனத்து லாரி ஓட்டுநர் மாதிரி பேசுகிறார்" என்றாள். அந்த வீட்டில் அன்று கேட்ட ஒரே கிண்டல் அதுதான்.

சாப்பிட்ட பிறகு எஸ்தர் நடந்ததைச் சொன்னாள். கடை இருக்கும் சந்துக்கு மேல் பக்கம் தாய் இயக்கத்தின் ஆட்கள். கீழ்ப் பக்கம் அதிலிருந்து உடைந்துபோன குழுவின் ஆட்கள். நடுவில் ஒரு சோதனைச் சாவடி. சாவடி என்றால் தகரக் கொட்டகை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அது யாருடையது என்று பகல் நேரத்தில் வாய்ச் சண்டை தொடங்கித் துப்பாக்கிச் சண்டையாகிவிட்டது. நபீல் அடுப்பில் ரொட்டி போட்டிருந்தார். குண்டு உள்ளே வராமல் இருக்க ஷட்டரை இழுத்துவிடப் போனார். இழுத்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தார்.

"எந்தப் பக்கத்துக் குண்டு?"

"அத்தத்தாண்ணா கேட்டுக்கினு கீறேன். ஒருத்தனும் வாயத் தொறக்கல. பொணத்த எடுக்கறதுக்கு முன்னாடி போஸ்டர் மட்டும் ஒட்டிட்டானுங்க."

மறுநாள், பச்சைச் சுவரொட்டி ஒட்டியிருந்த அந்த உடைந்த குழுவின் உள்ளூர்ப் பொறுப்பாளர் அபூ சலீம் என்னைக் காபிக்குக் கூப்பிட்டனுப்பினார். போகாமல் இருக்க முடியாது என்றாள் எஸ்தர். நரைத்த தாடி, மெதுவான குரல், ஏலக்காய் மணக்கும் காபி. கொல்லுகிற கூட்டத்தின் தலைவர் என்றால் என் மனசில் வேறு முகம் இருந்தது. "உங்கள் நாடு ஒரு காலத்தில் எங்களுக்கு நண்பன்" என்றார். அந்த 'ஒரு காலத்தில்' என்பதைக் காபியோடு சேர்த்து விழுங்கினேன்.

அவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்று கேட்டேன். பல முறை சொல்லிப் பழகிய கதை போலச் சொன்னார். அறுபத்தேழாம் ஆண்டுப் போரில் அரபு நாடுகள் தோற்றபின், இனி நம் மண்ணை நாமே மீட்க வேண்டும் என்று தாய் இயக்கம் உருவானது. கொஞ்ச காலத்துக்குள்ளேயே அதற்குள் சச்சரவு. "அவர்கள் புத்தகம் படித்தார்கள், விவாதம் செய்தார்கள். நாங்கள் சண்டை போட விரும்பினோம். பேச்சு அதிகம், துப்பாக்கி குறைவு என்று வெளியே வந்தோம்" என்றார். பக்கத்து நாடான சிரியாவின் ஆட்சி அவர்களுக்கு இடம், ஆயுதம், சம்பளம் எல்லாம் கொடுத்தது.

அவர் சொல்லாமல் விட்ட மீதியை எஸ்தர் எனக்கு முன்பே சொல்லியிருந்தாள். சம்பளம் கொடுத்தவன் காட்டிய பக்கம் சுட வேண்டியிருந்தது. லெபனானின் உள்நாட்டுப் போரில் பாலஸ்தீனரே பாலஸ்தீனரைச் சுட்டார்கள். பிறகு சிரியாவிலேயே போர் வந்து, அங்கிருந்த பாலஸ்தீன முகாமை அந்த ஆட்சியின் படைகள் சுற்றி வளைத்துப் பட்டினி போட்டபோது, மண்ணை மீட்கப் புறப்பட்ட இந்தக் குழு முற்றுகை போட்டவர்கள் பக்கம் நின்றது. நபீலின் அக்காள் அந்த முகாமுக்குள் இருந்தாள். புல்லை வேகவைத்துக் குடித்தார்கள். அவளுடைய கைக்குழந்தை பிழைக்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் குழுவின் ஆள் யார் கடைக்கு வந்தாலும் நபீல் ரொட்டியைக் கொடுப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார்.

இப்போது அந்த ஆட்சியே கவிழ்ந்துவிட்டது. சம்பளம் நின்றது. முகாம்களுக்கு வெளியே இருந்த தளங்களை லெபனான் ராணுவம் எடுத்துக்கொண்டது. இத்தனை வருஷத்துக் கூத்தின் முடிவில் இவர்கள் கையில் மிஞ்சியது ஒரு சந்தும் ஒரு தகரக் கொட்டகையும். அந்தக் கொட்டகைக்காக என் தங்கை புருஷனைச் சாகடித்தார்கள்.

அபூ சலீமிடம் நேராகவே கேட்டேன். "நபீல் உங்களை வெறுத்தவர். அவரை எப்படி உங்கள் தியாகி என்கிறீர்கள்?"

அவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அவர் எங்கள் பகுதியில் விழுந்தார். மண் எங்களுடையது என்றால் அதில் சிந்திய ரத்தமும் எங்களுடையதுதான். நாற்பதாம் நாள் கூட்டத்தில் அவர் மகள் எங்கள் சீருடையில் உரை வாசிப்பாள். அவளே ஒத்துக்கொண்டாள்."

நான் மாடிப்படி ஏறும்போதே வீட்டுக்குள் சண்டை கேட்டது.

"என் அப்பா ஒன்றுமில்லாமல் செத்தார் என்று எல்லோரும் சொல்வதை நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா?" என்று கத்தினாள் ரீம். "ரொட்டிக்காரன், வழியில் நின்றான், செத்தான், அவ்வளவுதானா? அவர்களாவது அவரைப் பெரிய ஆள் என்கிறார்கள்!"

"அவர் பெரிய ஆள்தான். அவர்கள் சொல்லித்தான் ஆக வேண்டுமா?" என்றாள் எஸ்தர் தன் சமையலறை அரபியில்.

"நீ என் அம்மா இல்லை. உன் அண்ணன் வந்துவிட்டார். உன் ஊருக்குப் போ!"

எஸ்தர் என்னைப் பார்த்தாள். தமிழில், "பாத்தியாண்ணா, இவள வுட்டுட்டு நான் எப்டி வர்றது?" என்றாள். "நான் போனா, அடுத்த நாளே இவளுக்குத் துப்பாக்கி குடுத்து போட்டோ எடுப்பானுங்க."

"இவளயும் இட்னு போலாம்."

"எந்த பாஸ்போர்ட்ல? எனக்குன்னா நம்ம எம்பசில பேப்பர் குடுப்பான். இவளுக்கு நாடே கெடையாதுண்ணா."

கடையில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் எத்தனை முறை 'பாலஸ்தீனப் பிரச்சினை' என்று கேட்டிருக்கிறேன். அது கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பொத்துகிற ஒரு பெண்ணை என்னோடு விமானம் ஏற்ற முடியாத பிரச்சினை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கூட்டத்துக்கு முந்தின சில நாட்கள் முகாமில் என்னால் சும்மா உட்கார முடியவில்லை. எஸ்தர் வீட்டுப் படிக்கட்டு ஒயரிங்கைப் பிரித்து ஒழுங்கு செய்தேன். அக்கம்பக்கத்தில் கூப்பிட்டார்கள், போனேன். ஒவ்வொரு வீட்டிலும் மைரமிய்யா என்ற இலை போட்ட டீ, அதோடு ஒரு கதை. முகாம் கமிட்டியைத் தேர்ந்தெடுப்பது யார் என்று ஒருவரிடம் கேட்டேன். "தேர்ந்தெடுப்பதா? இயக்கங்கள் உட்கார்ந்து பங்கு பிரித்துக்கொள்ளும். என் வாழ்நாளில் நான் எதற்கும் ஓட்டுப் போட்டதில்லை" என்றார். எங்கள் ஊர்க் கோயில் சுவரில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்ல வாய் திறந்தேன். அந்தக் கல்வெட்டுக்குப் பக்கத்துக் கிராமங்களிலேயே எங்கள் ஆட்கள் பஞ்சாயத்துத் தலைவரானால் நாற்காலியில் உட்கார விடாத கதைகள் ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன்.

நாற்பதாம் நாள் வந்தது. பள்ளிக்கூட முற்றத்தில் மேடை போட்டு, ஜெனரேட்டரிலிருந்து மைக்குக்கு ஒயர் இழுத்திருந்தார்கள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். ரீம் பச்சைச் சட்டையில் மேடைக்குப் போனாள். தோள் அளவு அவளுக்குப் பெரிதாக இருந்தது. எஸ்தர் பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் இருந்தாள். ரீமைத் தடுக்க முடியாதபோது பக்கத்திலாவது இருக்கலாம் என்று வந்தவள்.

ரீம் வாசித்தாள். குரல் கணீரென்று இருந்தது. பாலஸ்தீனம், மண், ரத்தம். பிறகு, "என் தந்தை சிறு வயதிலிருந்தே இந்த அணியின் போராளி. கையில் துப்பாக்கியுடன் காவலில் நின்ற வேளையில்..." என்றாள். நின்றுவிட்டாள். அடுத்த வரி வரவில்லை. அந்த உரையை எழுதிக் கொடுத்தவர்கள் கடைசி நேரத்தில்தான் அவளிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அபூ சலீம் மேடை ஓரத்திலிருந்து, "வாசி, மகளே" என்றார்.

எஸ்தர் எழுந்தாள். இருந்த இடத்திலிருந்தே, சந்தில் மீன்காரனைக் கூப்பிடுகிற குரலில் கேட்டாள். "ரீம்! அப்பா கையில் என்ன இருந்தது?"

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

"மாவு" என்றாள் ரீம் மைக்கில்.

"வேறு என்ன?"

"ஒன்றுமில்லை. மாவு மட்டும்தான்."

"அப்படியானால் கேள். யார் சுட்டது என்று கேள்."

ரீம் அபூ சலீம் பக்கம் திரும்பினாள். "என் அப்பாவை யார்..." என்றபோது மைக் செத்துவிட்டது. கூட்டத்தில் எல்லோரும் ஜெனரேட்டர் நின்றுவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். எனக்கு ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ஒரு தடியன் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தான்.

எனக்கு அந்த நேரத்தில் பயம் வரவில்லை. இவ்வளவு பெரிய அக்கிரமத்தை இவ்வளவு சின்ன வேலையால் மூடிவிடலாம் என்று நினைத்தார்களே என்ற ஆத்திரம்தான் வந்தது. போய் அவன் கையிலிருந்த பிளக்கைப் பறித்துச் சொருகினேன். அவன் என்னைச் சுவரில் தள்ளினான், முட்டி தேய்ந்து ரத்தம் வந்தது. அதற்குள் ரீமின் குரல் முற்றம் முழுக்கக் கேட்டுவிட்டது.

"...சுட்டது யார்? பேர் சொல்லுங்கள்!"

பெண்கள் பக்கத்தில் ஒரு கிழவி எழுந்து, "சொல்லுங்கள்" என்றாள். பிறகு இன்னொருத்தி. நபீலிடம் தினமும் ரொட்டி வாங்கியவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அபூ சலீம் மேடையின் பின்பக்கமாக இறங்கிப் போய்விட்டார். ரீம் அந்தப் பச்சைச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, உள்ளே போட்டிருந்த பள்ளிச் சட்டையோடு வந்து எஸ்தரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாக ஊர் திரும்பியிருப்பேன்.

மறுநாள் காலை நாஷ்டாவுக்கு ரொட்டி வாங்கக் கீழே இறங்கினேன். சந்து முழுக்கச் சிவப்புச் சுவரொட்டிகள். தாய் இயக்கம் ஒட்டியது. நபீலின் அதே படம், இந்த முறை துப்பாக்கி இல்லாமல். கீழே பெரிய எழுத்தில்: 'அவர் கையில் மாவு இருந்தது. பிரிவினைவாதிகளின் முகத்திரையைக் கிழித்த தியாகியின் குடும்பம் எங்களோடு!'

எஸ்தர் அதைப் படித்த மாதிரி அவள் வேறு எதையும் படித்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். ஒன்றைப் பிய்த்தாள். முக்காட்டை இறுக்கிக் கட்டினாள். ரீமும் நானும் அவள் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

தாய் இயக்கத்தின் அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒரு பொறுப்பாளர் இருந்தார். எங்களை மரியாதையாக உட்காரச் சொன்னார். அபூ சலீம் சொன்ன அதே வரலாற்றை மறுபக்கத்திலிருந்து சொன்னார். அவர்கள் கூலிப்படை, நாங்கள் கொள்கை. அவர்கள் கிளை, நாங்கள் வேர். அன்றைய சண்டையில் ஜெயித்ததும் நாங்கள்தான். அபூ சலீமும் தாங்கள்தான் ஜெயித்ததாகச் சொல்லியிருந்தார். எங்கள் மாவட்டத்துப் புள்ளலூரிலும் இப்படித்தான். பல்லவர் செப்பேட்டில் பல்லவர் ஜெயித்தார். சாளுக்கியர் கல்வெட்டில் சாளுக்கியர் ஜெயித்தார். அந்தப் போரில் வயல் மிதிபட்டவன் என்ன ஆனான் என்று எதிலும் எழுதவில்லை.

எஸ்தர் அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தாள். சுவரொட்டியை மேசையில் வைத்தாள்.

"குடும்பம் உங்களோடு என்று யார் சொன்னது?"

"அம்மா, உங்கள் தைரியத்தை மதித்து..."

"குண்டு உங்கள் பக்கத்திலிருந்து வந்ததா, அவர்கள் பக்கத்திலிருந்தா?"

"அதற்கு விசாரணைக் குழு அமைத்திருக்கிறோம்."

"குழுவில் யார்?"

"இரண்டு தரப்பும்."

எஸ்தர் என்னிடம் திரும்பி, "கேட்டியாண்ணா? சுட்டவனுங்களே ஒக்காந்து சுட்டது யாருன்னு தேடறானுங்களாம்" என்றாள். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒருவரை ஒருவர் துரோகி என்று திட்டிக்கொண்டிருக்கிறவர்கள், ஒரு ரொட்டிக்காரனைக் கொன்றவனை மறைப்பதில் மட்டும் ஒரே குழுவாக உட்காருகிறார்கள். மேலே அந்த ட்ரோன் அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது. நிலத்தைப் பறித்தவனுக்கு இதைவிடச் சுலபமான வேலை வேறு என்ன வேண்டும்?

ரீம் பொறுப்பாளரைப் பார்த்து, "இன்று சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் நீங்களே கிழிக்க வேண்டும். இல்லாவிட்டால் நாங்கள் கிழிப்போம்" என்றாள். அவர்கள் கிழிக்கவில்லை. நாங்கள் கிழித்தோம். பச்சை, சிவப்பு இரண்டையும். சந்துப் பெண்கள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து சுவரை ஊறவைத்தார்கள். யாரும் வந்து தடுக்கவில்லை.

அடுத்த நாள் எஸ்தர் ஷட்டரைத் தூக்கினாள். திறக்க வேண்டாம், பதற்றம் தணியட்டும் என்று இரண்டு தரப்பும் சொல்லியனுப்பியிருந்தன. அடுப்பின் ஊதுவிசிறி மோட்டார் மக்கர் செய்தது. பிரித்துச் சுத்தம் செய்து ஓட வைத்தேன். எஸ்தர் மாவு உருட்டினாள், ரீம் அடுப்பில் போட்டு எடுத்தாள். முதல் ரொட்டி கருகிவிட்டது. இரண்டாவது பூரி மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. வாசனை சந்துக்குள் போயிருக்க வேண்டும். பெண்கள் வந்தார்கள். பிறகு மேல் பக்கத்திலிருந்து துப்பாக்கி மாட்டிய பையன்கள் நான்கைந்து பேர் வந்தார்கள். கீழ்ப் பக்கத்திலிருந்தும் வந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு வரிசை, இந்தப் பக்கம் ஒரு வரிசை என்று ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

எஸ்தர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "ஒரே வரிசை" என்றாள். அவர்கள் அசையவில்லை. "ரொட்டி வேண்டுமென்றால் ஒரே வரிசை. துப்பாக்கியைச் சந்து முனையில் வைத்துவிட்டு வா." எல்லோரும் உள்ளே அடுக்கியிருந்த ரொட்டியைப் பார்த்தார்கள். பிறகு பசித்த ஒருவன் போனான். அவனைப் பார்த்து இன்னொருவன். அன்றைக்கு மாவு தீரும்வரை ஒரே வரிசைதான்.

இதனால் அங்கே சமாதானம் வந்துவிட்டது என்று நான் எழுதப் போவதில்லை. சாயங்காலம் துப்பாக்கிகள் எல்லாம் அந்தந்தத் தோளுக்குத் திரும்பிவிட்டன. தகரக் கொட்டகையில் அந்த நாற்காலி அப்படியே இருந்தது.

எஸ்தரை நான் மறுபடி ஒருமுறை கூப்பிட்டேன். கேட்காமல் வந்துவிட்டால் சின்னம்மா முகத்தில் எப்படி விழிப்பது? "இவளுக்கு நர்சிங் படிக்க வழி கேட்டுக்கினு கீறேன். அது முடியட்டும். அதுவரைக்கும் நான் வர முடியாதுண்ணா. அம்மாகிட்ட நீயே சொல்லிடு" என்றாள். ரீம் வாசல்வரை வந்து, "மாமா, அரபியைக் கொஞ்சம் கற்றுக்கொண்டு வாருங்கள்" என்றாள்.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாக வந்த பேருந்தில் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே சின்னம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். ஏரிப் பாசனத்து வயல்களில் அறுப்பு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போனபோது சின்னம்மா வேலைக்குப் போய்த் திரும்பி, காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைத் தனியாகப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. ஆனாலும் முழுசாகச் சொல்லச் சொன்னாள். சுவரொட்டி, மேடை, மாவு, விசாரணைக் குழு எல்லாவற்றையும் சொன்னேன்.

சொம்பைக் கவிழ்த்துவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒங்க சித்தப்பா கல்குவாரில வெடில மாட்டிக்கினு செத்தாரே" என்றாள் கடைசியில். "அப்ப மொதலாளி இன்னா சொன்னான்? என் ஆளு இல்ல, காண்ட்ராக்டர் ஆளுன்னான். காண்ட்ராக்டர் இன்னா சொன்னான்? என் ஆளு இல்ல, மொதலாளி ஆளுன்னான். அங்க செத்தவன எங்க ஆளுன்னு ரெண்டு பேரு அடிச்சிக்கிறான். இங்க எங்க ஆளே இல்லன்னு ரெண்டு பேரு கைய வுட்டான். எப்டியும் கொன்னவன் பேரு மட்டும் வெளிய வர்றதில்ல."

"ஆமா சின்னம்மா."

"நான் அப்ப ரெண்டு வாட்டி போயி கேட்டேன். தொரத்துனானுங்க. பயந்துக்கினு வுட்டுட்டேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "போன் போடு அவளுக்கு. இங்க வரலன்னா பரவால்ல. வுடாத, கேட்டுக்கினே இருன்னு நான் சொன்னேன்னு சொல்லு."

போட்டேன். எடுத்தது ரீம். பின்னால் ஊதுவிசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. சின்னம்மா போனை என் கையிலிருந்து வாங்கி, அந்தப் பெண்ணுக்குப் புரியாது என்று தெரிந்தும், அதைத் தமிழிலேயே சத்தமாக ஒருமுறை சொன்னாள்.